சிறு டென்டுக்கு கிளெய்ம் போடலாமா?

காரின் பின்பக்க பம்பர் தூணில் உரசிய மறுநாள் காலையில் உரிமையாளர் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: இன்சூரன்ஸில் போடலாமா, கைக்காசிலேயே முடித்துவிடலாமா? ஒர்க்‌ஷாப் அட்வைசர் ஒரு பதில் சொல்வார், ஏஜெண்ட் வேறொன்று சொல்வார், பக்கத்து வீட்டுக்காரர் மூன்றாவதாக ஒன்று சொல்வார். மோட்டார் சர்வேயர் பார்க்கும் இடம் வேறு. சேதத்தை நேரில் கண்டு, எஸ்டிமேட்டை வரிவரியாகப் பிரித்து, கம்பெனி தர வேண்டிய தொகையை எழுதுகிறவர் அவர். பில்லில் எவ்வளவு கம்பெனி தலையில் விழுகிறது, எவ்வளவு உரிமையாளர் தலையில் விழுகிறது என்பது அவர் எழுதும் அறிக்கையில்தான் தெளிவாகத் தெரியும். 1980களின் கடைசியில் சென்னையில் இந்தத் தொழிலுக்கு வந்து, முப்பது ஆண்டுகளுக்கு மேல் கார் சேதம் பார்த்த ஒரு சர்வேயரின் அனுபவத்திலிருந்து எழுதப்பட்டது இது.

அவர் தொழிலுக்கு வந்தபோது பொதுக் காப்பீடு முழுவதும் நான்கு அரசு கம்பெனிகளின் கையில் இருந்தது. 1973 முதல் அதுதான் ஏற்பாடு. பிரீமியம் எல்லாக் கம்பெனியிலும் ஒன்றே; டேரிஃப் புத்தகத்தில் அச்சிட்டபடி. சர்வேயர் ஸ்கூட்டரில் ஃபிலிம் கேமராவோடு ஒர்க்‌ஷாப்புக்குப் போவார். ஒரு ரோல் தீர்ந்து, கழுவி, பிரிண்ட் போட்ட பிறகுதான் அறிக்கை. பத்துப் பதினைந்து நாள் காத்திருக்க வேண்டும் என்பதாலேயே சின்னச் சேதத்துக்கு அந்நாளில் யாரும் கிளெய்ம் போடவில்லை. போடத் தேவையும் இல்லை. அம்பாசிடரும் பிரீமியர் பத்மினியும் இரும்புத் தகடு. முன்னால் குரோம் பூசிய இரும்பு பம்பர். ஆட்டோ மோதினால் ஆட்டோவுக்குத்தான் சேதம். தகடு உள்ளே போனால் புதுப்பேட்டையில் ஒரு டிங்கர் அரை நாளில் தட்டி எடுத்து, பட்டி பார்த்து, பெயிண்ட் அடித்துக் கொடுத்துவிடுவார்.

அந்தக் காலத்துப் பாலிசி வாசகத்தில் ஒரு விதி உண்டு; நிலையான மோட்டார் பாலிசியில் பின்னாலும் அது தொடர்ந்து அச்சாகிவந்தது. ஐந்நூறு ரூபாய்க்கு மிகாத ரிப்பேருக்கு உரிமையாளரே உத்தரவு கொடுத்துக்கொள்ளலாம், எஸ்டிமேட்டை உடனே அனுப்பினால் போதும் என்பது அது. ஐந்நூறு ரூபாய்க்கு ஒரு ஃபெண்டரைச் சரிசெய்ய முடிந்த நாட்களில் அதற்குப் பொருள் இருந்தது. இன்று அந்தப் பணத்துக்கு பம்பரைக் கழற்றி மாட்டும் கூலிகூடத் தேறாது.

மாற்றம் பம்பரில்தான் முதலில் தெரிந்தது. மாருதி 800 கொண்டுவந்தது வண்ணம் பூசாத கறுப்பு பிளாஸ்டிக் பம்பர்; கீறினால் அப்படியே விட்டுவிடலாம். அடுத்து வந்த கார்களில் பம்பர் உடம்பின் நிறத்துக்கு மாறியது. கீறல் விழுந்தால் பெயிண்ட். பெயிண்ட் என்றால் பூத், கலர் மேட்சிங், மேலே கிளியர் கோட். பிறகு பம்பருக்குள் பார்க்கிங் சென்சார் வந்தது, கேமரா வந்தது. கண்ணாடி ஹெட்லைட் போய் பாலிகார்பனேட் ஹெட்லைட் வந்தது. இந்தக் கடைசி மாற்றம் உரிமையாளருக்கு எவ்வளவு நட்டம் என்பதைப் பலர் உணரவில்லை. காப்பீட்டு விதியில் கண்ணாடிக்குத் தேய்மானம் கிடையாது; பிளாஸ்டிக்குக்கு ஐம்பது சதவீதம். அம்பாசிடரின் உடைந்த ஹெட்லைட் கண்ணாடிக்கு முழு விலையும் கொடுத்த அதே விதி, இன்றைய ஹெட்லைட்டுக்குப் பாதியைத்தான் கொடுக்கிறது. விதி மாறவில்லை, பொருள் மாறிவிட்டது. கண்ணாடி லைட்டை விடப் பல மடங்கு விலையுள்ள பொருளுக்கு உரிமையாளர் பாதி பணம் கட்டுகிறார்.

முதலில் கணக்கிட வேண்டியது, கம்பெனி உண்மையில் எவ்வளவு தரும் என்பது. எஸ்டிமேட்டின் கடைசி வரியில் உள்ள தொகையைக் கம்பெனி தரும் தொகை என்று நினைப்பதுதான் பெரும்பாலோர் செய்யும் தவறு. இடையில் பல கழிவுகள் இருக்கின்றன. பிளாஸ்டிக், ரப்பர், நைலான் பொருள்கள், டயர், பேட்டரி எல்லாவற்றுக்கும் பாதி. ஃபைபர் கிளாஸுக்கு முப்பது சதவீதம். உலோகப் பாகங்களுக்கு காரின் வயதைப் பொறுத்து: முதல் ஆறு மாதம் கழிவு இல்லை, ஓராண்டு வரை 5 சதவீதம், இரண்டாண்டு வரை 10, மூன்றாண்டு வரை 15, நான்காண்டு வரை 25, ஐந்தாண்டு வரை 35, அதற்கு மேல் பத்தாண்டு வரை 40, பத்தைத் தாண்டினால் 50. பெயிண்டிங் பில்லில் கால் பங்கைப் பொருள் விலையாக வைத்து, அதில் பாதியைக் கழிப்பார்கள். கூலிக்குக் கழிவு இல்லை. எல்லாம் கழித்த பிறகு கட்டாயக் கழிவு: 1500 சிசி வரையுள்ள காருக்கு 1,000 ரூபாய், அதற்கு மேல் 2,000. பிரீமியம் குறைய வேண்டும் என்று உரிமையாளரே கூடுதல் கழிவு ஏற்றுக்கொண்டிருந்தால் அதுவும் சேரும். அப்படி ஒரு வரி தன் பாலிசியில் இருப்பதே தெரியாமல் சர்வேயரிடம் சண்டைக்கு நின்றவர்கள் உண்டு. ஆன்லைனில் பாலிசி எடுக்கும்போது விலை குறைகிறதே என்று ஒரு கட்டத்தில் டிக் அடித்திருப்பார்கள். கழிவு 5,000, 7,500 என்று ஏறியிருக்கும்.

ஒரு எளிய உதாரணம். இரண்டரை வயதான 1200 சிசி கார்; பின்பம்பர் மாற்ற வேண்டும். பம்பர் விலை 6,000, பெயிண்டிங் 4,000, கூலி 1,000. மொத்தம் 11,000 ரூபாய். பம்பருக்குப் பாதி போனால் 3,000. பெயிண்டிங்கில் பொருள் பங்கு 1,000. அதில் பாதி கழித்து 3,500. கூலி முழுவதும் 1,000. கூட்டினால் 7,500. கட்டாயக் கழிவு போக 6,500. பதினோராயிரம் ரூபாய் பில்லுக்குக் கம்பெனி தருவது இவ்வளவுதான். மீதி 4,500 உரிமையாளர் கையிலிருந்து.

தேய்மானமில்லாக் காப்பீடு எடுத்திருந்தால் இதே பில்லுக்கு 10,000 கிடைக்கும். மக்கள் வழக்கில் அதற்குப் பெயர் பம்பர் டு பம்பர். இந்தப் பெயரே பெரிய குழப்பத்துக்குக் காரணம். எதற்கும் ஒரு பைசா கட்ட வேண்டாம் என்று பொருள் கொள்கிறார்கள். அதிலும் கட்டாயக் கழிவு உண்டு. 2021 ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றம் புதிய வாகனங்களுக்கு ஐந்தாண்டு பம்பர் டு பம்பர் காப்பீடு கட்டாயம் என்று ஓர் உத்தரவு போட்டது. அடுத்த மாதமே அது திரும்பப் பெறப்பட்டது. உத்தரவு வந்த செய்தி பரவிய அளவுக்கு திரும்பப் பெற்ற செய்தி பரவவில்லை. அதன் பிறகு வெகு நாள்வரை, தங்கள் பாலிசியில் அந்தக் காப்பீடு தானாகவே இருக்கிறது என்று நம்பி ஒர்க்‌ஷாப்புக்கு வந்தவர்களைச் சர்வேயர்கள் பார்த்தார்கள். கூடுதல் பிரீமியம் கட்டி எடுத்திருந்தால் மட்டுமே அது உண்டு. பல கம்பெனிகள் ஐந்து வயதைத் தாண்டிய காருக்கு அதைக் கொடுப்பதில்லை. ஆண்டுக்கு இத்தனை கிளெய்ம்தான் என்று வரம்பும் வைக்கின்றன.

எஸ்டிமேட்டை நம்பி முடிவெடுப்பதில் இன்னொரு கண்ணி இருக்கிறது. ஒர்க்‌ஷாப்புக்குப் புதுப் பாகம் மாற்றுவது சுலபம், லாபமும் கூட. தட்டி எடுப்பதற்கு நேரமும் கைத்திறனும் வேண்டும். ஆகவே கதவில் கையகல டென்ட் இருந்தாலும் கதவையே மாற்ற எழுதுவார்கள். வேளச்சேரியில் ஓர் ஐ.டி. ஊழியரின் காரில் இப்படித்தான் நடந்தது. கதவு, பக்கத்து ஃபெண்டர் இரண்டும் மாற்ற 28,000 ரூபாய் எஸ்டிமேட். இவ்வளவு பெரிய தொகைக்கு கிளெய்ம் போடாமல் இருப்பானேன் என்று அவர் கையெழுத்துப் போட்டார். சர்வேயர் பார்த்தபோது கதவின் விளிம்பும் பூட்டும் கெடவில்லை, தகடு கிழியவில்லை. இரண்டையும் ரிப்பேருக்குத்தான் எழுத முடிந்தது. கழிவெல்லாம் போகக் கம்பெனி தந்தது ஒன்பதாயிரத்துச் சொச்சம். அந்த ஒன்பதாயிரத்துக்காக அவர் ஐந்தாண்டு சேர்த்த என்சிபி என்ற தள்ளுபடி போயிற்று. சர்வேயர் பார்த்து என்ன எழுதுவார் என்று முதலில் கேட்டிருந்தால் அவர் வேறு முடிவெடுத்திருப்பார். ரிப்பேர் எஸ்டிமேட், மாற்றும் எஸ்டிமேட் என்று இரண்டையும் தனித்தனியாகக் கேட்டு வாங்கும் உரிமை எல்லோருக்கும் உண்டு; கேட்பவர்கள் மிகக் குறைவு.

அடுத்தது என்சிபி. கிளெய்ம் இல்லாத ஆண்டுக்குக் கிடைக்கும் தள்ளுபடி இது. முதல் ஆண்டு முடிவில் 20 சதவீதம், பிறகு 25, 35, 45, ஐந்தாவது ஆண்டில் 50. அதற்கு மேல் ஏறாது. ஒரு கிளெய்ம் வாங்கினால் அடுத்த புதுப்பித்தலில் சுழியம். மறுபடி கீழ்ப் படியிலிருந்து ஏற வேண்டும். பிரீமியத்தின் எந்தப் பகுதியில் இந்தத் தள்ளுபடி என்பதையும் கவனிக்க வேண்டும். சொந்தச் சேதப் பகுதியில் மட்டுமே. மூன்றாம் நபர் பிரீமியம் அரசு நிர்ணயிப்பது. 2022 ஜூன் முதல் 1000 சிசிக்கு மேல் 1500 சிசி வரையுள்ள தனியார் காருக்கு ஆண்டுக்கு 3,416 ரூபாய். அதை என்சிபி தொடாது. மொத்த பிரீமியத்தில் பாதி போய்விடும் என்று பயந்து, நியாயமான கிளெய்மைக்கூட விட்டவர்கள் இருக்கிறார்கள். அந்தப் பயத்துக்கும் ஒரு விலை உண்டு.

பின்பம்பர் உதாரணத்தில் கண்ட அதே கார். சொந்தச் சேதப் பிரீமியம் தள்ளுபடிக்கு முன் 10,000 ரூபாய் என்றும், இப்போது 25 சதவீத என்சிபி இருக்கிறது என்றும் வைத்துக்கொள்ளலாம். கிளெய்ம் போடாவிட்டால் வரும் புதுப்பித்தல்களில் 35, 45, 50, 50, 50. போட்டால் 0, 20, 25, 35, 45. வித்தியாசம் முறையே 35, 25, 25, 15, 5. கூட்டினால் 105 சதவீதம். அதாவது 10,500 ரூபாய். 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்தால் 12,390. காரின் காப்பீட்டு மதிப்பு ஆண்டுதோறும் இறங்குவதால் பிரீமியமும் இறங்கும். ஆண்டுக்குப் பத்து சதவீதம் இறங்குவதாகக் கொண்டால் இழப்பு 10,850 ரூபாய் அளவில் நிற்கும். கம்பெனியிடமிருந்து வருவது 6,500. இந்த பம்பருக்கு கிளெய்ம் போடக்கூடாது. தேய்மானமில்லாக் காப்பீடு இருந்து 10,000 கிடைத்தாலும் ஏறக்குறைய சரிக்குச் சரிதான். ஒர்க்‌ஷாப் அலைச்சலுக்குக்கூட மிஞ்சாது.

இதே கணக்கை 50 சதவீதத்தில் இருப்பவருக்குப் போட்டால் இழப்பு 125 சதவீதம். முதல் ஆண்டு ஓடும் புதுக் காருக்குப் போட்டால் 50 சதவீதம்தான், ஏனென்றால் இழப்பதற்கு இன்னும் ஒன்றும் சேரவில்லை. ஆகவே ஒரே சேதம், ஒரே பில், இரண்டு பேருக்கு இரண்டு பதில். உறவினர் போட்டார், எனக்கும் போடுங்கள் என்று வருகிறவர்களிடம் சர்வேயர் முதலில் கேட்பது பாலிசியின் முதல் பக்கத்தைத்தான்.

2007 ஜனவரியில் சொந்தச் சேதப் பிரீமியத்தின் டேரிஃப் நீக்கப்பட்டது. அதற்கு முன்பு ஒரே காருக்கு எல்லாக் கம்பெனியிலும் ஒரே விலை. என்சிபி இழப்பும் ஒன்றே. அதன் பிறகு போட்டியில் பெரும் தள்ளுபடிகள் வந்தன. பிரீமியம் பாதிக்கும் கீழே இறங்கியபோது என்சிபியின் ரூபாய் மதிப்பும் கூடவே இறங்கிற்று. ஐம்பது சதவீதம் என்பது அதே ஐம்பதுதான். ஆனால் பதினாறாயிரத்தில் ஐம்பது வேறு, ஆறாயிரத்தில் ஐம்பது வேறு. பழைய டேரிஃப் காலத்துக் கணக்கை மனதில் வைத்துக்கொண்டு, ‘சின்ன கிளெய்ம் எப்போதும் வேண்டாம்’ என்று சொல்லும் ஏஜெண்டுகள் இந்த மாற்றத்தைக் கவனிக்கவில்லை. மறுபக்கம், கிளெய்ம் வந்த காருக்கு அடுத்த ஆண்டு அந்தப் பெரும் தள்ளுபடியையே சில கம்பெனிகள் குறைத்துவிடுகின்றன. ஆகவே நம்பத்தக்க வழி ஒன்றுதான்: கிளெய்ம் இருந்தால் அடுத்த ஆண்டு பிரீமியம் என்ன, இல்லாவிட்டால் என்ன என்று இரண்டு விலையையும் கேட்டு வாங்குவது.

என்சிபியின் மதிப்பைச் சர்வேயர் முழுதாக உணர்ந்தது 2004 வாக்கில், மயிலாப்பூரில் ஓய்வு பெற்ற ஒரு தலைமை ஆசிரியரின் பத்மினி விஷயத்தில். 2002 ஜூலையில் புது டேரிஃப் வந்தபோது என்சிபியின் உச்சம் ஐம்பதாக்கப்பட்டது. அதற்கு முன்பு 55, 65 சதவீதம் வரை ஏறியவர்களுக்கு மட்டும் ஒரு சலுகை: கிளெய்ம் வரும்வரை அந்த உயர்ந்த சதவீதத்தையே வைத்துக்கொள்ளலாம். அவர் 65இல் இருந்தார். இடது ஃபெண்டரில் ஆட்டோ உரசி 2,800 ரூபாய் எஸ்டிமேட். ஏஜெண்ட் படிவத்தை நிரப்பிக் கொண்டுவந்திருந்தார். சர்வேயர் சேதத்தைப் பார்த்துவிட்டு புதுப்பித்தல் நோட்டீஸை எடுத்து வரச் சொன்னார். “சார், இந்த அறுபத்தஞ்சு ஒரு தடவை போனா திரும்பி வராது. அஞ்சு வருஷம் கழிச்சும் அம்பதுதான்” என்றார். ஆசிரியர் நோட்டீஸை இரண்டு முறை படித்தார். படிவத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு புதுப்பேட்டைக்குப் போன் செய்தார். சர்வேயருக்கு அன்று கட்டணம் கிடைக்கவில்லை. அதற்குப் பிறகு யார் வந்தாலும் பாலிசியோடு புதுப்பித்தல் நோட்டீஸையும் கேட்பது அவர் வழக்கமாயிற்று.

கணக்கு நேர் எதிராகத் திரும்பும் இடங்களும் உண்டு. அந்த ஆண்டிலேயே ஒரு கிளெய்ம் ஏற்கெனவே வாங்கியாயிற்று என்றால் என்சிபி போனது போனதுதான். அடுத்த சேதத்துக்கு கிளெய்ம் போட இழக்க ஒன்றுமில்லை, கட்டாயக் கழிவைத் தவிர. இதை அறியாமல் இரண்டாவது சேதத்துக்குக் கைக்காசு செலவழித்தவர்கள் பலர். வீட்டில் புதிதாக ஓட்டப் பழகும் மகனோ மகளோ இருந்தால், அடுத்த ஆண்டும் ஒரு கிளெய்ம் வரும் வாய்ப்பு அதிகம். அப்படி வந்தால் முதல் கிளெய்மின் உண்மையான இழப்பு ஓராண்டுத் தள்ளுபடி மட்டுமே. மேலே கண்ட உதாரணத்தில் 35 சதவீதம், ஜிஎஸ்டியோடு 4,130 ரூபாய். அந்தக் குடும்பத்துக்கு 6,500 ரூபாய் கிளெய்மும் லாபம்தான். முன் கண்ணாடி கல்பட்டு விரிசல் விட்டால், கண்ணாடிக்குத் தேய்மானம் இல்லாததால் கிடைக்கும் தொகை பெரியது. கிளெய்ம் போட்டாலும் என்சிபியைக் காக்கும் கூடுதல் காப்பீடு எடுத்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போடலாம். டயர் விஷயம் இதற்கு மாறு. பள்ளத்தில் விழுந்து டயர் மட்டும் வெடித்தால் பாலிசி ஒன்றும் தராது; காரின் வேறு பாகமும் அதே சமயத்தில் சேதமடைந்திருந்தால்தான், அதுவும் பாதி.

பழைய கீறல்களைச் சேர்த்துப் போடுவது தனியாகச் சொல்லப்பட வேண்டியது. ‘ஒரே கிளெய்மில் கார் முழுக்க புதுசாக்கித் தருகிறோம்’ என்று சொல்லும் அட்வைசர்கள் 2000க்குப் பிறகு, கேஷ்லெஸ் வந்தபோது பெருகினார்கள். முன்பம்பர் சேதமும் பின்பம்பர் சேதமும் ஒரே மோதலில் வருவது அபூர்வம். சர்வேயர் கீறலின் உயரத்தையும் போக்கையும் பார்ப்பார். ஒட்டியிருக்கும் வேற்று நிறத்தைப் பார்ப்பார். டென்டின் மடிப்பில் துருவும் அழுக்கும் ஏறியிருக்கிறதா என்று விரலால் தடவுவார். நேற்றைய டென்டில் துரு இருக்காது. ஒவ்வொரு மோதலும் தனி கிளெய்ம், தனி கழிவு. பழைய சேதம் என்று கண்டதை அறிக்கையில் நீக்கிவிடுவார். ஒரே விபத்து என்று பொய்க் கையெழுத்துப் போட்டவருக்கு, நியாயமாகக் கிடைக்க வேண்டிய முன்பம்பர் பணமும் சந்தேகத்தில் மாட்டிக்கொள்ளும். அட்வைசர் சொன்னார் என்பது அங்கே விடையாகாது. படிவத்தில் இருப்பது உரிமையாளரின் கையெழுத்து.

ஓட்டியவர் பெயரை மாற்றி எழுதுவதும் இதே வகை. லைசென்ஸ் இல்லாத மகன் ஓட்டி கேட்டில் இடித்ததை அப்பா ஓட்டியதாக எழுதுவார்கள். ஒரு வீட்டில் அப்பா ஆறடி. டிரைவர் சீட் ஸ்டியரிங்கோடு ஒட்டி முன்னால் இழுக்கப்பட்டிருந்தது. சர்வேயர் அவரை அந்த சீட்டில் உட்காரச் சொன்னார். அவ்வளவுதான், எட்டாயிரம் ரூபாய் கிளெய்மை அவரே திரும்பப் பெற்றுக்கொண்டார். அந்தச் சேதம் கைக்காசில் முடிய வேண்டியது. முடிந்திருந்தால் அந்த அவமானம் இல்லை.

சின்னச் சேதம் என்று வெளியே தெரிவது உள்ளேயும் சின்னதுதானா என்று பார்க்காமல் எந்தக் கணக்கும் போடக்கூடாது. திண்டிவனம் அருகே நாய் குறுக்கே வந்து ஒரு காரின் கீழ் கிரில் உடைந்தது. பார்வைக்கு இரண்டாயிரம் ரூபாய்ச் சேதம். உரிமையாளர் கிளெய்ம் வேண்டாம் என்று சென்னை நோக்கி ஓட்டினார். கிரில்லுக்குப் பின்னால் ரேடியேட்டர் விரிசல் விட்டு கூலன்ட் சொட்டிக்கொண்டிருந்தது. செங்கல்பட்டு தாண்டுவதற்குள் எஞ்ஜின் சூடேறி நின்றது. ஹெட் கேஸ்கெட் போய், எஞ்ஜினைப் பிரிக்க வேண்டிய நிலை. பிறகு கிளெய்ம் போட்டார். பாலிசியின் நான்காவது நிபந்தனை தெளிவாகச் சொல்கிறது: விபத்துக்குப் பின் ரிப்பேர் செய்யாமல் ஓட்டியதால் கூடும் சேதம் உரிமையாளர் பொறுப்பு. கிரில்லுக்கும் ரேடியேட்டருக்கும் மட்டுமே எழுத முடிந்தது. எஞ்ஜின் செலவைக் கண்டு அவர் அழுதது சர்வேயருக்குக் கடைசிவரை மறக்கவில்லை. 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னை கண்டதும் இதே பாடம்தான்: நீரில் நின்ற காரைத் தள்ளி எடுத்திருந்தால் சின்ன கிளெய்ம், சாவி போட்டு ஸ்டார்ட் செய்து பார்த்தவர்களின் எஞ்ஜின் உள்ளே நீர் போய் மாட்டிக்கொண்டது, எஞ்ஜின் காப்பீடு தனியாக எடுக்காதவர்களுக்கு அந்தச் செலவு கிடைக்கவில்லை. முன்பக்கம் அடி என்றால் பானட்டைத் திறந்து, வண்டிக்குக் கீழே குனிந்து சொட்டுகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் நகர்த்த வேண்டும். பானட்டுக்கும் ஃபெண்டருக்கும் இடையிலான இடைவெளி இருபக்கமும் ஒன்றாக இல்லையென்றால் உள்ளே ஏதோ நகர்ந்திருக்கிறது. அப்போது சர்வேயரைக் கூப்பிடுவதே சரி. பம்பரைக் கழற்றிப் பார்க்காமல் பதில் சொல்ல முடியாது.

இன்னொரு வண்டியும் சேதப்பட்டிருந்தால் சாலையிலேயே பேசி முடிப்பது தமிழ்நாட்டு வழக்கம். கீறலுக்குக் கீறல் என்ற அளவில் அதில் பெரிய தப்பில்லை. ஆனால் ஒருவர் கீழே விழுந்திருந்தால், சிராய்ப்பாகத் தெரிந்தாலும், இந்தக் கட்டுரையின் கணக்கு எதுவும் அங்கே செல்லாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஆம் பிரிவின்படி காயம்பட்டவருக்கு மருத்துவ உதவி கிடைக்கச் செய்வதும், இருபத்துநான்கு மணி நேரத்துக்குள் போலீசுக்குத் தெரிவிப்பதும் ஓட்டியவர் கடமை. கம்பெனிக்கும் சொல்ல வேண்டும். கம்பெனியின் எழுத்து மூலமான சம்மதமில்லாமல் தவறை ஒப்புக்கொள்ளவோ பணம் தருவதாக வாக்களிக்கவோ கூடாது என்பதும் பாலிசி நிபந்தனை. கோயம்பேட்டில் ஸ்கூட்டரில் வந்த ஒருவர் இரண்டாயிரம் வாங்கிக்கொண்டு போனார். ஒரு மாதம் கழித்து முழங்கால் சவ்வு கிழிந்ததாகத் தீர்ப்பாயத்திலிருந்து நோட்டீஸ் வந்தது. என்சிபியைக் காப்பாற்ற நினைத்துக் கம்பெனிக்கு ஒரு வார்த்தை சொல்லாமல் விட்டதால், அந்தக் கார்க்காரர் இரண்டாண்டு வக்கீல் வீட்டுக்கு அலைந்தார்.

தெரிவிப்பதற்கும் கிளெய்ம் வாங்குவதற்கும் வேறுபாடு உண்டு. பதிவு செய்து, சர்வே முடிந்து, தொகை போதாது என்று தோன்றினால் விலகிக்கொள்ளலாம். பணம் வழங்காமல் கோப்பு மூடப்பட்டது, என்சிபி தொடர்கிறது என்று கம்பெனியிடம் எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். வாய்வார்த்தை புதுப்பிக்கும் நாளில் நிற்காது. இப்போது ஐம்பதாயிரம் ரூபாய்க்குக் கீழான மோட்டார் சேதத்துக்கு உரிமம் பெற்ற சர்வேயர் கட்டாயமில்லை. கம்பெனி ஊழியரே போனில் வந்த படங்களைப் பார்த்துத் தொகை சொல்லிவிடுகிறார். வேகம் நல்லதுதான். ஆனால் படத்தில் துரு தெரியாது, பம்பருக்குப் பின்னால் வளைந்த பிராக்கெட்டும் தெரியாது. சம்மதம் என்று போனில் ஓர் அழுத்து அழுத்தும் முன் கேட்கப் பழைய சர்வேயரைப் போல ஒருவர் பக்கத்தில் இல்லை. அந்த இடத்தை இப்போது உரிமையாளரே நிரப்ப வேண்டியிருக்கிறது.

கம்பெனி மாறினால் பழைய கிளெய்ம் மறைந்துவிடும் என்ற நம்பிக்கையையும் விட்டுவிட வேண்டும். புதுக் கம்பெனி பழைய கம்பெனியிடம் கேட்டு உறுதி செய்யும் விதி டேரிஃப் காலத்திலேயே இருந்தது. கடிதம் போய் வர மாதங்கள் ஆன நாட்களில் சிலர் தப்பினார்கள். இன்று தகவல் கணினியில் இருக்கிறது. கிளெய்ம் வாங்கியதை மறைத்து என்சிபி பெற்றது தெரிந்தால், அடுத்த விபத்தில் சொந்தச் சேதத்துக்கான பணம் முழுவதும் மறுக்கப்படலாம். ஐயாயிரம் ரூபாய்த் தள்ளுபடிக்காக மூன்று லட்சம் இழந்த ஒரு கோப்பைச் சர்வேயர் கையாண்டிருக்கிறார்.

பாலிசி காலாவதியாகித் தொண்ணூறு நாளுக்குள் புதுப்பிக்காவிட்டாலும் என்சிபி போய்விடும். கைக்காசு போட்டு டென்ட் எடுத்து ஆண்டுக்கணக்கில் காப்பாற்றியதை, தேதியை மறந்து இழந்தவர்கள் இருக்கிறார்கள். காரை விற்கும்போது இழப்பவர்கள் அதைவிட அதிகம். என்சிபி காருக்குரியது அல்ல, உரிமையாளருக்குரியது. அண்ணாநகரில் ஒரு மருத்துவர் 50 சதவீத என்சிபி உள்ள காரைப் பாலிசியோடு கொடுத்துவிட்டு, புதுக் காருக்கு முழு பிரீமியம் கட்டினார். பழைய கம்பெனியிடம் ஒரு கடிதம் வாங்கியிருந்தால் புதுக் காரின் சொந்தச் சேதப் பிரீமியத்தில் பாதி குறைந்திருக்கும். அந்தக் கடிதம் மூன்று ஆண்டு செல்லும். கார் கைமாறும் முன்பே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.